நூலக வரியும் எழும்பூர்க் காகிதங்களும்

(சந்தவாசலைச் சொந்த ஊராகக் கொண்ட நம் குடியிருப்பாளர் ஒருவர், சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்த விவாதம் முடிந்து எனக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் பசி நேரம். சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போனதும் சொத்து வரிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒன்று இருக்கும். சொத்து வரியில் நூற்றுக்குப் பத்து. 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1930இலேயே இதற்கு ஒரு மாதிரிச் சட்டம் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு வருடம் கழித்து, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது காரியம் நடந்தது. உள்ளாட்சிகள் வசூலிக்கும் இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆக, இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் சந்தா கட்டியாயிற்று. போய்ப் படிப்பதுதான் பாக்கி.

மாநிலத்தின் தலைமை நூலகம் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கன்னிமாரா. எங்கள் மலையடிவாரத்தில் கன்னிமார் கோயில்கள் உண்டு என்பதால், சின்ன வயதில் அந்தப் பெயரைக் கேட்டபோது ஏழு கன்னிமாரில் ஒருத்தி சென்னையிலும் குடியிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்! கன்னிமாரா பிரபு என்ற ஆளுநரின் பெயர் அது; அயர்லாந்தில் ஒரு வட்டாரத்தின் பெயரும்கூட. இங்கிலாந்தில் கம்பெனி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஹெய்லிபரி கல்லூரி மூடப்பட்டதும், அங்கே மிஞ்சிய புத்தகங்கள் சென்னைக்கு வந்தன. 1860களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தோடு ஒட்டி ஒரு சிறு நூலகமானது இப்படித்தான். 1890இல் அடிக்கல் நாட்டி, 1896 டிசம்பர் 5 அன்று பெரிய கட்டடம் திறந்தார்கள். 1950 ஏப்ரல் 1 முதல் அது மாநில மைய நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் எந்தப் பதிப்பாளர் புத்தகம் போட்டாலும் நான்கு நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி தன் செலவில் அனுப்ப வேண்டும். அந்த நான்கில் ஒன்று கன்னிமாரா. அதன் பழைய புத்தகங்கள் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தபடியே படிக்கக் கிடைக்கின்றன.

அங்கிருந்து சிறிது தூரத்தில், எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, சிவப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைத் தினமும் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்? அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கியது. 1670 முதலான கோட்டைக் காகிதங்கள், கொச்சியிலிருந்து வந்த டச்சுக்காரர் ஆவணங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நூலகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அச்சடித்த புத்தகம் ஒன்று போனால் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிக்கலாம். கையால் எழுதிய பதிவேடு போனால் போனதுதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதில் ஓலைச்சுவடிகளுக்கு மாற்று எங்கே தேடுவது?

இதையெல்லாம் ஆராய்ச்சிக்காரர் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கிராமக் கோயில் மானிய நிலத்தை வேறொருவர் சொந்தம் கொண்டாடுகிறார் என்று என்னிடம் வந்தார். 1860களில் இனாம் கமிஷன் எழுதிய பதிவேட்டில் நிலத்தின் பரப்பு, யாருக்கு எந்த ஊழியத்துக்காக விட்டது, டி.டி. எண், எல்லாம் இருக்கும். கோர்ட்டில் இன்றும் அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவர் மனுவில் "திருவண்ணாமலை மாவட்டம்" என்று எழுதி வைத்திருந்தார். அந்த மாவட்டமே 1989இல் பிறந்தது! பழைய காகிதத்தில் அது வட ஆற்காடு. ஊர் அப்போது போளூர் தாலுகாவா, ஆரணி ஜாகீரா என்றும் பார்க்க வேண்டும். திருத்தி எழுதிக் கொடுத்தோம். பதிவேடும் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

சந்தவாசலை உங்களில் பலருக்கு ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் பஸ் மாறும் இடமாகத்தான் தெரியும். அந்தப் படவேடு சம்புவராயர்களின் தலைநகரம். 1890இல் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில், விரிஞ்சிபுரம் கோயிலின் 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்து அந்தணர்கள் கூடி, இனிக் கன்னிகாதானமாகத்தான் கல்யாணம் செய்வோம், பெண்ணுக்காகப் பொன் வாங்கினாலும் கொடுத்தாலும் தண்டனை, சாதி விலக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இன்றைய வரதட்சணைக்கு நேர் எதிராக, அன்று பெண் வீட்டார் பொன் வாங்கியிருக்கிறார்கள். படித்துவிட்டு நான் வெகுநேரம் சிரித்தேன்.

கடைசியாக நம் விஷயம். நம் கட்டடத்தின் அனுமதி வரைபடம், முதல் பொதுக்குழுவின் தீர்மானப் புத்தகம், யுடிஎஸ் கணக்கு, இவையெல்லாம் மீட்டர் ரூமில் ஒரு தகரப் பெட்டியில் கிடக்கின்றன. போன மழையில் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. நாளைக்கு மறுகட்டுமானப் பேச்சு வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதங்களைத்தான். ஐப்பசிக்கு முன் பெட்டியை முதல் மாடிக்கு ஏற்றி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடுவோம். என்னிடம் ஸ்கேனர் இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டு பேர் கைகொடுத்தால் போதும். சாவி செயலாளரிடம் இருக்கிறது.