பஸ் ஸ்டாண்ட் எங்கே இருக்கிறது?



"வாழ்வதற்கு ஏற்றது நகரமா, கிராமமா?" பொங்கலோ தீபாவளியோ வந்துவிட்டால் ஏதாவது ஒரு தொலைக்காட்சியில் இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் ஓடிக்கொண்டிருக்கும். நகர அணி ஆஸ்பத்திரி, கல்லூரி, வேலை என்று அடுக்கும். கிராம அணி வேப்பமரம், கிணற்றுத் தண்ணீர், திண்ணைப் பேச்சு என்று உருகும். நடுவர் யார் மனமும் நோகாமல் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடிப்பார். கிராமத்தின் பெருமையைப் பேசியவர்களும் அன்று இரவே சென்னைக்கோ மதுரைக்கோ கார் ஏறிவிடுவார்கள்.

பட்டிமன்றத்தின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தத் தலைப்பு நம்மில் ஏராளமானவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நகர்ப்புறத்தில் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் சென்னைவாசிகள் இல்லை. துறையூர், ஆரணி, கோவில்பட்டி, பழனி, மன்னார்குடி என்று, கிராமமும் இல்லாத மாநகரமும் இல்லாத ஊர்களில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்பதானால், ஒரு ஊரை நல்ல ஊர் என்று எதை வைத்துச் சொல்வது?

இதற்கு மதிப்பெண் போட்டுத் தரப் பெரிய பெரிய அமைப்புகள் இருக்கின்றன. லண்டனில் உள்ள எகனாமிஸ்ட் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் 173 நகரங்களை வரிசைப்படுத்துகிறது. பாதுகாப்பு, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்புகள். ஆஸ்திரியாவின் வியன்னா பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. 2025இல் கோபன்ஹேகன் அதைப் பிடித்தது. இந்த மாதிரிப் பட்டியல்களுக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு. நிறுவனங்கள் தங்கள் அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது கஷ்டமான ஊருக்கு எவ்வளவு கூடுதல் படி கொடுப்பது என்று இதை வைத்துக் கணக்குப் போடுகின்றன. மூன்று வருஷம் தங்கிவிட்டுப் போகிற அதிகாரிக்கு எது வசதி என்பதுதான் அங்கே கேள்வி. அந்த ஊரில் இட்லிக்கடை போட்டுப் பிழைக்கும் அம்மாவுக்கு அதில் இடமில்லை.

நம் மத்திய அரசும் 111 நகரங்களுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டது. 2021 மார்ச்சில் வெளியான பட்டியலில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம், சென்னைக்கு நான்காவது, கோயம்புத்தூருக்கு ஏழாவது. சிறிய நகரங்களில் சிம்லா முதலிடம். நம் சேலம் ஐந்தாவது, வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டவரிடம் அவருடைய ஊர்தான் இந்தியாவிலேயே முதலிடம் என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு சோதனை போதும். வண்டி ஓட்டத் தெரியாத, எழுபது வயது ஆன ஒருவர் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். வங்கியில் பென்ஷன் எடுக்கணும், டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கணும், காய் வாங்கணும், வழியில் கோயிலுக்கோ மசூதிக்கோ போய்வரணும். மகனையோ பேரனையோ "கொஞ்சம் வண்டியில கொண்டு விடுப்பா" என்று கெஞ்சாமல், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் வீடு திரும்ப முடிந்தால் அது நல்ல ஊர். அந்த எழுபது வயதுக்காரருக்குப் பதிலாகப் பன்னிரண்டு வயதுச் சிறுமியை வைத்துப் பாருங்கள், இருபது வயதுப் பெண்ணை வைத்துப் பாருங்கள். தனியாகப் போய்த் தனியாகத் திரும்ப முடிகிறதா என்பதுதான் விஷயம்.

இந்தச் சோதனையில் நம் பழைய ஊர்கள் பல நல்ல மார்க் வாங்கும். திருச்சியை எடுத்துக்கொள்வோம். சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், மலைக்கோட்டையும் தெப்பக்குளமும் என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடைகளும் சின்னக்கடை வீதியும் நடக்கிற தூரம். செயின்ட் ஜோசப் கல்லூரியும் அப்படித்தான். லால்குடியிலிருந்தோ முசிறியிலிருந்தோ காலை பஸ்ஸில் வரும் ஒரு பெண், அடகு நகையை மீட்டு, ஜவுளி எடுத்து, தெப்பக்குளத்துப் பக்கம் வளையலும் ரிப்பனும் வாங்கி, ஒரு காபி குடித்துவிட்டு, பொழுது சாயுமுன் அதே நிலையத்தில் பஸ் பிடித்துவிடலாம். ஆட்டோ தேவையில்லை. அந்தப் பக்கம் மத்தியப் பேருந்து நிலையம். அங்கிருந்து ரயில்வே ஜங்ஷனுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். ஸ்ரீரங்கம், சத்திரம், மத்திய நிலையம் மூன்றையும் கோத்துக்கொண்டு ஓடுகிறது ஒன்றாம் நம்பர் பஸ். அந்த பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக் காத்திருக்கும் வழக்கமே திருச்சிக்காரர்களுக்குக் கிடையாது. ஒன்று போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். ஒரு மாநகரத்தின் பெருமையாக நான் இதைத்தான் சொல்வேன், இதற்கு எந்தப் பட்டியலிலும் தனி மார்க் இல்லாவிட்டாலும்.

2025இல் மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்தது. பெரிய கட்டடம், நல்ல விசாலம். பழைய மத்திய நிலையத்தில் பஸ் திரும்ப இடமில்லாமல் திணறியதைப் பார்த்தவர்கள், இது வேண்டாத செலவு என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் மதுரையிலிருந்து வந்து இறங்குகிறவருக்கு ஊர் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முழங்கால் வலியோடு இன்னொரு பஸ் ஏறவேண்டும்.

சென்னையின் கதை இன்னும் விசேஷம். பாரிமுனையிலிருந்த வெளியூர் பேருந்து நிலையம் 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. அப்போதும் "ஊருக்கு வெளியே போய்விட்டதே" என்றார்கள். மெல்ல மெல்ல ஊர் அங்கே போய்ச் சேர்ந்தது. 2015இல் சென்னை மெட்ரோ முதன்முதலில் ஓடியதே கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையேதான். பேருந்து நிலையத்தை ஒட்டியே ஒரு மெட்ரோ ஸ்டேஷன். இரண்டையும் சேர்த்துவைக்க 13 வருஷம் ஆனது. அடுத்த எட்டு வருஷத்தில், 2023 டிசம்பர் கடைசியில், கிளாம்பாக்கத்தில் புது நிலையத்தைத் திறந்து தென்மாவட்டப் பேருந்துகளை அங்கே அனுப்பினோம். திறந்த நாளில் அங்கே மெட்ரோவும் இல்லை, மின்சார ரயில் நிலையமும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்குத் திருநெல்வேலி பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு கையில் ஒயர் கூடையும் மறு கையில் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தையுமாக நிற்பவரிடம் ஆட்டோக்காரர் கேட்ட தொகை, ஊரிலிருந்து வந்த பஸ் டிக்கெட்டோடு போட்டி போட்டது.

மாநகரங்களோடு இது நிற்கவில்லை. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், ஆர்.டி.ஓ. ஆபீஸ் எல்லாமே பைபாஸ் பக்கம் போகின்றன. காரணம் எளிது. ஊருக்குள் இடமில்லை, வெளியே அரசுப் புறம்போக்கு இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்ட் வரும் முன்பே அந்த ரோட்டில் வீட்டுமனைக் கலர் கொடிகள் எப்படி முளைக்கின்றன என்று டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதற்குள் நான் போகவில்லை. கார் வைத்திருப்பவருக்கு இந்த மாற்றம் வசதி. மற்றவர்களுக்கு ஒவ்வொரு வேலைக்கும் அரை நாள் கூடிப்போகிறது.

தூரத்தைப் பற்றிப் பேசும்போது வியன்னாவை மறுபடி இழுக்கவேண்டியிருக்கிறது. அந்த ஊரைக் கச்சேரிக்கும் காபிக் கடைக்கும் புகழ்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு. நூறு வருஷத்துக்கு முன் அங்கே நகராட்சியே தொழிலாளர்களுக்கு வீடு கட்டத் தொடங்கியது. கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான கட்டடம், 1,300க்கு மேல் வீடுகள், உள்ளேயே சலவைக்கூடமும் பாலர் பள்ளியும் நூலகமும். எதிரிலேயே ரயில் நிலையம். 2012இல் நாளுக்கு ஒரு யூரோ என்று வருஷ பஸ்-ரயில் பாஸை 365 யூரோவுக்குக் கொடுத்து, பல வருஷம் விலையை ஏற்றவே இல்லை.

நாம் என்ன செய்தோம்? கூவம் கரையில் குடிசை போட்டிருந்தவர்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் ஓரத்துக்கு அனுப்பினோம். வீடு கான்கிரீட் வீடுதான். ஆனால் எழும்பூரில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண் காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க, எத்தனை மணிக்கு எழுந்து எந்த பஸ் பிடிப்பாள் என்று யாரும் யோசிக்கவில்லை. பலருக்கு அந்த வேலையே போயிற்று.

சரி, சின்ன ஊர்தான் நல்லது என்று நான் முடித்துவிடுவேன் என்று நினைக்காதீர்கள். தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. சின்ன ஊரில் தெருமுனைக் கடைக்காரர் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார். வழி தவறிய ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தக் கேள்வி பாதுகாப்பு. கல்லூரித் தோழனோடு பேசிக்கொண்டு போகும் இருபது வயதுப் பெண்ணுக்கு அதே கேள்வி செக்போஸ்ட். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், "சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு" என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சாதியில் போய் நிற்கும். மாநகரத்திலும் இதைக் கேட்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. ஆனாலும் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்கமாட்டார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியபோது, கிராமத்தைப் புகழ்ந்து தள்ளியவர்களுக்குக் காரமாகவே பதில் சொன்னார். ஊரின் கண்ணுக்குத் தப்பி வாழ்வது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அந்தக் கண்ணில் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். யாரும் யாரையும் கவனிக்காத அலட்சியம் என்று சென்னையைத் திட்டுகிறோமே, எத்தனையோ பேர் அந்த அலட்சியத்தைத் தேடித்தான் அங்கே வந்தார்கள்.

ஆக, தூரத்தில் சின்ன ஊர் ஜெயிக்கிறது, பார்வையில் பெரிய ஊர் ஜெயிக்கிறது. இரண்டிலும் கொஞ்சம் நல்லது செய்த திட்டம் ஒன்று உண்டென்றால், 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த இலவசப் பயணத்தைத்தான் சொல்வேன். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி வீட்டில் பஸ் காசு வாங்க வேண்டியதில்லை.

பஸ் ஏறிய பெண் இறங்கும் இடத்தில் கழிப்பறை இருக்கிறதா? இருக்கும். சுவரில் "சிறுநீர் கழிக்கக் கட்டணம் இல்லை" என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே மேசை போட்டு ஒருவர் சில்லறை டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். காசு கொடுத்தாலும் உள்ளே தாழ்ப்பாள் இருக்காது. இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் ஊருக்கு வந்து போகிற பெண்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். காசு கொடுக்காமல் உட்கார ஒரு நிழல், ஒரு பெஞ்சு, ஒரு கிளை நூலகம் — இவையும் இதே கணக்குதான். நூலகத்துக்கு நாம் சொத்து வரியோடு தனியாக வரி கட்டுகிறோம். 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு அது. ஆகவே அதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

என் சோதனையில் தேறிய ஊரும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு வேலை தராமல் போகலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் வந்த மாதிரி எல்லா ஊருக்கும் வந்துவிடாது. அதை பஸ் ஸ்டாண்டை வைத்துத் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பஸ் ஸ்டாண்ட் விஷயத்தில் நேயர்கள் செய்ய ஒன்று இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகர்ப்புற வார்டுகளுக்குப் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதன்முறையாகக் கூடியது. அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். உங்கள் ஊர் பேருந்து நிலையம் வெளியே போவதாகப் பேச்சிருந்தால், அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு எத்தனை டவுன் பஸ், இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பழைய இடத்தில் எந்தெந்த பஸ் நிற்கும் என்ற மூன்றையும் கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதவைத்துவிட்டு வாருங்கள்.