ஊர் கூடித் தொகுக்கும் நூல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னைப் பேச அழைத்தபோது, நான் வழக்கம்போல் சங்கத் தொகை நூல்களைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று பேசப் போவதும் ஒரு தொகை நூலைப் பற்றியே. ஆனால் அது இன்னும் தொகுத்து முடியாத நூல். என்றுமே முடியாத நூல். இணையத்தில் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத்தையே குறிப்பிடுகிறேன். அதில் எழுதுவோர்க்கு ஊதியம் இல்லை. முகப்பில் பெயர் இல்லை. பொன்னாடையும் மலர்மாலையும் இல்லை. ஆயினும், நாம் உறங்கும் நள்ளிரவில் யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து, விடுபட்ட ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் செய்கிறார்? இந்த வினா என்னைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது.

தமிழில் கலைக்களஞ்சிய முயற்சி புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப் பிள்ளை 1902இல் அபிதான கோசத்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியார் ஏறத்தாழ இருபதாண்டுகள் தனியொருவராக உழைத்த அபிதான சிந்தாமணி, பாண்டித்துரைத் தேவரின் துணையால் 1910இல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பதிப்பு வெளிவர 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை. பின்னர், தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. மூன்றும் நம் வணக்கத்திற்குரியவை. ஆனால் அச்சேறிய நூலுக்கு ஓர் இயல்பு உண்டு. அச்சான மறுநாளே உலகம் அதைவிட்டு ஒரு நாள் முன்னே சென்றுவிடுகிறது.

நம் செங்கற்பட்டையே பாருங்கள். ஒருகாலத்தில் அது ஒரு பெரிய மாவட்டத்தின் பெயர். 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. அன்றைய நாளில், மாமல்லபுரம் முதல் வேடந்தாங்கல் வரை நம் ஊர்களைப் பற்றி எழுதப்பட்டிருந்த கட்டுரைகளில் எல்லாம் ஒரு சொல் பிழையாகிவிட்டது. அதைத் திருத்த எந்த அரசாணையும் எந்தத் தொண்டரையும் பணிக்கவில்லை. யாரோ சிலர் ஊர் ஊராகச் சென்று வீட்டு எண்ணை மாற்றுவதுபோல் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மாற்றினர்.

மாற்றம் ஆட்சி எல்லைகளோடு நிற்பதில்லை. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. உயிர்களைக் கொண்டுசென்ற அதே அலை, மணலுக்குள் மறைந்திருந்த கற்களையும் வெளிக்காட்டிற்று. அதன் தொடர்ச்சியாகச் சாளுவன்குப்பத்தில் பழைமையான செங்கல் முருகன் கோயிலொன்று 2005இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மாமல்லபுரத்துச் சின்னங்களை உருவாக்கியவர் யார் என்னும் வினாவும் அவ்வாறே. முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லனே என்பது பரவலான கருத்து. அனைத்தும் இராசசிம்மன் படைப்பே என்று இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். கல் அசையாது நிற்கிறது. கல்லைப் பற்றிய நம் அறிவு அசைந்துகொண்டே இருக்கிறது. ஆதலின், ஓயாது திருத்துவதை ஓயாத குழப்பம் என்று கருதுதல் பொருந்தாது. உண்மை வளரும்போது நூலும் உடன் வளர்கிறது, அவ்வளவே.

இவ்வளவையும் இன்று தெளிவாகச் சொல்கிறேன். முதலில் எனக்கு இத்தெளிவு இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவியரை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்லுமுன், அங்குள்ள பெரும்பாறைச் சிற்பத்தைப் பற்றிய குறிப்பைப் படித்தேன். அருச்சுனன் தபசு என்றும், பகீரதன் தவம் என்றும் இரு கருத்துகள் தரப்பட்டிருந்தன. வகுப்பில் நான் ஆண்டாண்டாய்ச் சொல்லிவந்தது முதற்கருத்தே. ‘தொகு’ என்னும் இணைப்பு கண்முன் இருந்தது. இரண்டாவது கருத்தைப் பிழை என்று நீக்கிவிட்டு, ஒரு கடமையை முடித்த நிறைவோடு எழுந்தேன்.

ஒரு மணி நேரத்திற்குள் நீக்கியது திரும்ப வந்துவிட்டது. உரையாடல் பக்கத்தில், ஆய்வாளரிடையே இரு கருத்தும் உண்டு, ஒன்றை நீக்கவேண்டுமாயின் சான்று தருக என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குச் சினம் வந்தது. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற விரிவுரையாளர் நான் என்று பதில் எழுதினேன். சிறிது நேரத்தில் மறுமொழி வந்தது: ‘மகிழ்ச்சி அம்மா. நூலின் பெயரும் பக்க எண்ணும் தந்தால் போதும்.’

சான்று தேடி நூலகம் சென்றேன். தேடத் தேட எனக்கு எதிரான சான்றே வலுப்பெற்றது. பாறையின் நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் மேல்நோக்கி நீந்துவதையும், அதன் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளத்தையும் அறிஞர்கள் சுட்டியிருந்தனர். பிளவின்வழி நீர் இறங்கியிருக்குமானால் அது கங்கையன்றி வேறென்ன? மறுநாள் மாணவியரோடு அப்பாறையின்முன் நின்றபோது, இரு கருத்தையும் சொல்லி, ‘நீங்களே உற்றுப் பாருங்கள்’ என்றேன். அன்றுபோல் அவர்கள் கேள்வி கேட்டு நான் கண்டதில்லை. வீடு திரும்பியதும், நான் நீக்க முயன்ற கருத்துக்கே வலுவான சான்று ஒன்றைச் சேர்த்தேன். என்னைத் திருத்தியவர் யார், என்ன படித்தவர், எந்த நாட்டில் வாழ்பவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் ஆசிரியர் வரிசையில் அவரையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

அன்றுமுதல் நானும் தொகுப்பவள் ஆனேன். ஆதலின், ஏன் தொகுக்கிறார்கள் என்ற வினாவுக்கு உள்ளிருந்தே விடை சொல்ல முயல்கிறேன்.

முதற்காரணம், பிழையைக் கண்டால் கை சும்மா இராமை. சோற்றில் கல் அகப்பட்டால் எடுத்தெறியாமல் உண்ண முடியுமா? ஒற்றுப்பிழை திருத்த வந்தவர் ஓர் ஆண்டைச் சரிபார்ப்பார். ஆண்டைச் சரிபார்த்தவர் ஒரு பத்தி எழுதுவார். பத்தி எழுதியவர் பின்னர் வெளியேறுவதில்லை.

இரண்டாவது, காவல். எவரும் எழுதலாம் என்றால் எவரும் கெடுக்கலாம் என்பதும் உண்மையே. ‘அண்மைய மாற்றங்கள்’ என்னும் பக்கத்தை விழித்திருந்து பார்ப்போர் சிலர். தாம் எழுதிய கட்டுரைகளைக் ‘கவனிப்புப் பட்டியலில்’ வைத்துக் காப்போர் பலர். ஏரிக்கரை உடையாமல் இரவில் சுற்றிவரும் நீர்க்கட்டியின் பணி அது. இக்காவல் வீண்போகவில்லை. 2005இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் 42 தலைப்புகளில் ஆங்கில விக்கிப்பீடியாவையும் பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தையும் ஒப்பிட்டபோது, கட்டுரைக்குச் சராசரியாக முன்னதில் நான்கு பிழைகளும் பின்னதில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. புகழ்பெற்ற கலைக்களஞ்சியத்திலும் பிழை உண்டு என்பதை நாம் அதிலிருந்து அறிகிறோம். இங்கே அதை அன்றே திருத்தலாம் என்பதே வேறுபாடு.

மூன்றாவது, மகிழ்ச்சி. ஓடெட் நோவ் என்னும் ஆய்வாளர் 2007இல் ஆங்கில விக்கிப்பீடியரிடம் காரணம் கேட்டபோது, செய்வதில் உள்ள இன்பமும் அறிவு எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கொள்கையுமே முன்னின்றன. பாராட்டுக்கும் இடம் உண்டு. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வில், மிகுதியாகப் பங்களிப்போர் சிலருக்குச் சக பயனர் பெயரால் ஒரு சிறு பதக்கப் படம் அளிக்கப்பட்டது; பெற்றோரின் உழைப்பு பெறாதோரைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுந்ததாம். ஒரு கைதட்டலுக்கு எவ்வளவு வலிமை என்பதைக் கவியரங்கம் ஏறியவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நான்காவது காரணமே நமக்கு நெருக்கமானது. அது மொழிப்பற்று. 2003 செப்டம்பரில் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியபோது அது ஏறத்தாழ வெற்றிடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்த ஈழத்துக் கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அவ்வாண்டிலேயே அதில் எழுதத் தொடங்கி ஆயிரக்கணக்கான கட்டுரைகளை உருவாக்கினார்; கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு இயல் விருது அளித்தது. தமிழகத்தோரும் ஈழத்தோரும் புலம்பெயர்ந்தோரும் கூடி உழைத்ததால், 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்தது. ஓர் ஊரைப் பற்றியும் ஓர் உயிரணுவைப் பற்றியும் தமிழ்க் குழந்தை தமிழிலேயே படிக்க முடியுமா என்பதே அவர்கள்முன் நின்ற கேள்வி.

பற்று இருக்குமிடத்தில் பூசலும் இருக்கும். கிரந்த எழுத்து ஆளலாமா என்று நீண்ட விவாதங்கள் நடந்துள்ளன. நாம் டொராண்டோ என்பதை ஈழத்தார் ரொறன்ரோ என்பர், எது தலைப்பு? ஒன்றைத் தலைப்பாக்கி மற்றதிலிருந்து வழிமாற்று அமைப்பது அங்கே கண்ட இணக்கம். 2009, 2010ஆம் ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியே கட்டுரைகள் வந்து குவிந்தபோது, அவற்றின் தமிழ் நடையைத் தொண்டர்கள் கேள்விக்குட்படுத்தினர். எண்ணிக்கை கூடுவதைவிடத் தமிழ் தமிழாக இருத்தல் பெரிது என்று நின்றனர்.

‘தொகு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைத் தேர்ந்தவர் எவராயினும் நம் மரபறிந்தவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்று நமக்குத் தெரிகிறது. புறநானூற்றைத் தொகுத்தவர் பெயரோ தெரியவில்லை. பெயர் தெரியாத அக்கை தொடாதிருந்தால் நம்மிடம் புறநானூறே இராது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததோடு அமையாமல், மேலும் ஏடுகளை ஒப்பிட்டு 1907, 1922ஆம் ஆண்டுகளில் திருத்திய பதிப்புகளைத் தந்தார். தம் பதிப்பைத் தாமே திருத்தும் அந்த நேர்மையே தொகுப்பவரின் அறம்.

மாமல்லபுரத்திற்கு மேற்கே பூஞ்சேரியில், பாறையொன்றில் சில பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை அங்குப் பணிசெய்த தச்சர்களின் பெயர்கள் என்பர். சிற்பங்களில் அவர்கள் தம் பெயரை எழுதவில்லை. கல்லுடைத்த களத்தின் ஓரத்தில் எழுதிவைத்தனர். விக்கிப்பீடியாவிலும் கட்டுரையின்மேல் பெயர் இல்லை. ‘வரலாறு’ என்னும் பக்கத்தைத் திறந்தால், ஒரு காற்புள்ளி இட்டவர் வரை அனைவரின் பயனர்பெயரும் நாளும் நேரமும் வரிசையாக நிற்கும். எனக்கு அப்பக்கமெல்லாம் பூஞ்சேரிப் பாறையாகவே தோன்றுகிறது.

நிறைவாகக் கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளும் ஓர் எச்சரிக்கையும். எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்மைப் பற்றித் தாமே கட்டுரை எழுதுதல் அங்கே ஏற்புடையதன்று. நம் வட்டத்தைப் பற்றி நாமே புகழ்ந்து எழுதினாலும் ‘மேற்கோள் தேவை’ என்று குறியிட்டுவிடுவர். ஆகவே, மேசைமேல் உள்ள இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் விரைந்துவிட வேண்டா!

வேண்டுகோள் இது. நம் கடற்கரைப் பரதவர் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வலைக்கும் வழங்கும் பெயர்கள் எத்தனை? பாம்பு பிடிக்கும் அறிவுக்காக நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வறிவை முறையாகப் பதிந்த தமிழ் நூல்கள் எத்தனை? எங்கும் வெளியாகாததைக் களஞ்சியத்தில் சேர்க்க இயலாது. அங்கே சான்று கேட்பர். ஆகவே முதலில் கேட்டு, எழுதி, அச்சிடுங்கள்; பின்னர் தொகுங்கள். அச்சொற்களைப் பேசும் முதியோர் நம்மிடையே நெடுநாள் இருக்கமாட்டார்கள். அவர்களோடு அவை போய்விட்டால், எந்த அலையும் அவற்றை மணலிலிருந்து மீட்டுத் தராது.

இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் ஊரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பிழையேனும் கண்ணில் படும். சான்றோடு அதைத் திருத்துங்கள். உங்களையும் ஒருவர் திருத்தினால், சினம் கொள்ளாது ஒருமுறை நூலகம் சென்று வாருங்கள்.