காரைக்கு அடங்கும் யுரேனியமும் அடங்காத உப்பும்



பனியன் தைக்கும் ஊரில் யுரேனியத்திற்கு என்ன வேலை என்னும் வினா சிலர் முகத்தில் தெரிகின்றது. வினா நேர்மையானதே. ஆயினும் கழிவு என்னும் சொல்லுக்கு நொய்யற் கரையினர்க்குப் பொருள் சொல்ல வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பளிங்குபோற் பிறக்கும் ஆறு, இவ்வூரைக் கடந்தபோது சாயநீர்க் காலாயிற்று. உழவுக்கு நீர் தேக்குவதற்கென்று 1992-இல் திறக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவுத் தொட்டியாயிற்று. உழவர் அறமன்றம் ஏறினர். 2009 அக்டோபரில் இந்திய உச்ச அறமன்றம் அவர்கட்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2011 சனவரி 28-இல் சென்னை உயர் அறமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாத நிலையை எய்தாத சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடிவிட ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பல்லாயிரவர் பிழைப்பிழந்தனர்.

அதன்பின் பொதுத் தூய்மிப்பு நிலையங்கள் நீரை மீட்கக் கற்றன. நீர் மீண்டது, கசடு எஞ்சியது. அக்கசட்டை என்செய்வது? அணுவுலைக் கழிவை வைத்திருப்போர் உலகெங்கும் நெடுநாளாகக் கேட்டுவரும் வினாவும் இதுவே. அவர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, கொத்தனார் கையில் நாள்தோறும் குழையும் சீமைக்காரை. மக்கள் வழக்கில் சிமிட்டி.

தமிழ்நாட்டில் இது நிகழும் இடம் கல்பாக்கம். அங்கு முதல் மின்னுலை 1983-இலும் இரண்டாவது 1985-இலும் இயங்கத் தொடங்கின. எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலையும் அங்கு உண்டு. கடுங்கதிர்வீச்சுள்ள கழிவைக் கண்ணாடியோடு உருக்கி இறுக்குவர். அஃது இன்றைய பேச்சன்று. கதிர்வீச்சு குறைந்த கழிவுகளின் கசட்டையும் செறிநீரையும் காரையிற் குழைத்துக் கட்டியாக்கி, வலுவூட்டிய கற்காரை அகழிகளில் நிலத்தின் மேற்படையிலேயே அடக்குவர். அக்கழிவில் சிறிதளவு யுரேனியமும் கலந்திருக்கலாம்.

கட்டியாக்கினால் உள்ளிருப்பது வெளிவராதா? செங்கல்லும் கட்டிதான், ஆனால் நீர் குடிக்கின்றதே! இங்குத்தான் காரையின் உள்ளமைப்பை அறிய வேண்டும்.

மதுக்கரையில் 1934 முதல் நடந்துவரும் ஆலையைப் பலர் பார்த்திருப்பர். சுண்ணக்கல்லும் களிமண்ணும் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வெந்து புதுக் கனிமங்களாகின்றன. அவற்றை அரைத்த தூளே காரை. நீர் பட்டவுடன் அது 'காய்கின்றது' என்பது பிழை. அது நீரை உண்கின்றது. உண்டு வேறு கனிமங்களாக மாறுகின்றது. அவற்றுள் தலையாயது, சுண்ணமும் சிலிக்காவும் நீரும் இணைந்த பசை. அப்பசையை நுணுகிப் பார்த்தால் அடுக்கடுக்கான ஏடுகள். ஒவ்வோர் ஏட்டின் நடுவிலும் சுண்ணப் படலம். இருபுறமும் சிலிக்காச் சங்கிலிகள். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையில் நீரும் சுண்ணத் துகள்களும். பனையோலைச் சுவடிக் கட்டை எண்ணிக்கொள்க. ஆனால் கண்ணுக்கெட்டா நுண்மை. ஒரு கிராம் பசையின் உள்முகங்களை விரித்தால் நூறு சதுர மீட்டரைத் தாண்டும்.

நீரிற் கரைந்த யுரேனியம் தனியே திரிவதில்லை. இருபுறமும் ஓர் உயிர்வளி அணுவைப் பற்றிக்கொண்டு, சிறு கோல் போல் மிதக்கின்றது. அக்கோல் காரைப் பசையை அடைந்ததும் சிலிக்காச் சங்கிலியின் உயிர்வளிகள் அதன் இடையைப் பற்றுகின்றன. ஏடுகளின் மேல்முகத்திலும், ஏடுகளின் இடைவெளியிலும் அது சிறைப்படுகின்றது. யுரேனியம் மிகுதியாக இருப்பின் சுண்ணத்தோடு சேர்ந்து கரையாப் படிவாகின்றது. ஊடுகதிர் ஆய்வுகள் இவ்விணைப்பைக் காட்டியுள்ளன. ஆகவே காரை அதனைப் பூட்டி வைக்கும் பெட்டி மட்டுமன்று; யுரேனியத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும் பொருள். நீர் உள்ளே புகுந்தாலும் பிடி எளிதில் விடாது.

காரையில் இன்னொரு கனிமம் எட்ரிங்கைட்டு. அலுமினியமும் சுண்ணமும் கந்தக உப்பும் சேர்ந்த ஊசிப் படிகம். கந்தக உப்பின் இருக்கையில் குரோமியத்தை அமர்த்திக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. செருமனியின் எட்ரிங்கன் என்னும் சிற்றூர் அதற்குப் பெயர் தந்தது. ஏட்டடுக்குப் பசைக்கு உறவான தோபர்மோரைட்டு, இசுக்காட்லாந்தின் தோபர்மோரி என்னும் கடற்கரை ஊரின் பெயர் தாங்கியது. அவரவர் தம் ஊரைக் கனிமத்தில் நிலைநாட்டினர். சென்னைப் பரங்கிமலையின் கருங்கல்லுக்கு வாய்த்ததோ, கல்கத்தாவில் புதைந்த கும்பினி வணிகன் சோப் சார்னாக்கின் பெயர்! அவன் கல்லறையில் அக்கல் கிடந்ததென்று ஆலந்து என்னும் ஆங்கிலேயர் 1893-இல் அப்பெயரிட்டார். கல் தமிழ்நாட்டது, பெயர் பிணத்தினது. இது நிற்க.

காரையின் பிடி எத்தனை ஆண்டு தாங்கும்? மாந்தன் செய்த சீமைக்காரைக்கு இருநூறு ஆண்டு அகவைதான். 1824-இல் ஆசுப்டின் காப்புரிமை பெற்றது. ஆனால் யோர்தான் நாட்டின் வடபகுதி மக்காரினில், நிலக்கரிநெய் கலந்த சுண்ணப்பாறை தானே எரிந்து இயற்கைக் காரைக் கனிமங்கள் உண்டாகியுள்ளன. அங்கு ஊறும் நீர் சுண்ணாம்புத் தெளிவைப் போற் கடுங்காரமானது. எட்ரிங்கைட்டும் அங்குக் கிடைக்கின்றது. பல நாட்டு அணுக்கழிவு ஆய்வாளர் அவ்விடத்தை நாடிச் சென்றது, நெடுங்காலத்தில் காரைக்கு என்ன நேரும் என்று காணவே.

நேருவது இது: காரையின் கொடிய பகை காற்றிலுள்ள கரிவளி. அது விரிசல் வழியே நுழைந்து காரத்தைத் தணிக்கின்றது. பசையிலிருந்து சுண்ணத்தைப் பறிக்கின்றது. அதனினும் கேடு, நீரிற் கரைந்த கரியுப்பு யுரேனியத்தோடு நட்புக்கொண்டு, அதனைச் சிலிக்காவின் பிடியிலிருந்து நீரோட்டத்திற்கு இழுத்துச் செல்கின்றது. யுரேனியம் கதிர்வீச்சால் மட்டுமன்றி நஞ்சாகவும் சிறுநீரகத்தைத் தாக்குவது. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமே வரம்பென்று 2011-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்தது. கல்பாக்கமோ கடலோரம். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை அங்கும் ஏறியது. உலை கேடின்றி நிறுத்தப்பட்டது உண்மை; கடல் எட்டாத இடமன்று என்பதும் உண்மை.

இனித் திருப்பூர்க் கசட்டுக்கு வருக. அதனைச் சீமைக்காரைச் சூளையில் எரிக்கும் முறை வந்துள்ளது. காரையோடு கலந்து கல்லறுக்கலாம் என்பாரும் உளர். யுரேனியத்தைப் பிடிக்கும் அதே கனிமங்கள் கசட்டிலுள்ள செம்பையும் ஈயத்தையும் துத்தத்தையும் பெரிதும் பிடிக்கும். குரோமியத்தையும் ஓரளவு பிடிக்கும். ஆனால் சாயம் ஏற்றக் கொட்டிய சோற்றுப்பைப் பிடிக்கவே பிடிக்காது! உப்பின் சோடியத்திற்கும் குளோரினுக்கும் பசையின் ஏடுகளில் நிலையான இருக்கை இல்லை. மழை பட்டால் கரைந்தோடும். போதாக்குறைக்குச் சாயத்தின் எச்சங்கள் காரை இறுகுவதையே தடுக்கும். எனவே கசட்டுக்கல்லை ஒருவன் கொண்டுவந்து நீட்டினால், அதன் வலிமையை மட்டும் கேட்பது போதாது. நீரில் ஊறவைத்துக் கசிவை அளந்தாயா, எத்தனை நாள் ஊறவைத்தாய் என்று கேட்க வேண்டும். நொய்யலைக் கெடுத்ததில் முதன்மையானது அந்த உப்பு. அதற்கு மருந்து காரையன்று. உப்பை மீட்டு மீண்டும் சாயத் தொட்டிக்கே அனுப்புவது.

இறுதியாக ஒன்று. மேற்படையில் அடக்கும் கழிவை 300 ஆண்டு காவலில் வைப்பது திட்டம். சீசியமும் இசுட்ரான்சியமும் 30 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்து முறை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கே மிஞ்சும். கணக்குச் சரியே. யுரேனியத்தின் பெரும்பகுதி பாதியாக 447 கோடி ஆண்டு வேண்டும். அதற்கு 300 ஆண்டு ஒரு நொடியுமன்று. அலுவலகங்கள் பெயர் மாறும், கோப்புகள் மட்கும். அவ்விடத்தில் கிணறு தோண்ட வருபவன் எதைப் படித்து விலகுவான்?

அதே நொய்யற் கரையில் கொடுமணல் இருக்கின்றது. அங்குத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்தபோது, ஈராயிரம் ஆண்டுக்கு முன் பானையில் தம் பெயரைத் தமிழிற் கீறிவைத்தோர் எழுத்து அழியாமல் கிடைத்தது. கல்பாக்கத்து அகழி மீதும் திருப்பூர்க் கசட்டுக் கிடங்கு மீதும் அவ்வாறே கல்லில், தமிழில், ஆழமாகப் பொறித்திடல் வேண்டும்: உள்ளே என்ன உள்ளது, எந்த ஆண்டு அடக்கப்பட்டது, எந்த ஆண்டுவரை தோண்டலாகாது என்று.