அணுவை ஆய்ந்தவர் இறையியல் கற்றது



விஞ்ஞானம் வளர வளரச் சமயம் தேயும் என்பார் உளர். அங்ஙனமாயின், பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் அத்துறையின் தலைவராகவும் விளங்கிய ஒருவர், முப்பதாம் வயதில் இறையியல் கல்லூரியில் மீண்டும் மாணவராய் அமர்ந்தது எற்றுக்கு? அவரே இயான் பார்பர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர்.

அவர் 1923-இல் சீனத்துப் பீகிங் நகரில் பிறந்தவர். தந்தையார் நிலவியல் அறிஞர். 1950-இல் சிகாகோவில் பட்டம் பெற்றார். அணுகுண்டு வெடித்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அணுவைப் பிளக்கக் கற்ற அறிவு, அதை எதற்குப் பயன்படுத்துவது என்று கூற இயலாது நின்றது. 1953-இல் யேல் பல்கலைக்கழகம் சென்ற பார்பர், 1955 முதல் மினசோட்டா மாநிலத்துக் கார்ல்டன் கல்லூரியில் பௌதிகம், சமயம் இரண்டையும் கற்பித்தார்.

அவருடைய கருத்துகளில் ஒன்றை மட்டும் ஈண்டு விரிக்க விழைகின்றேன். வாயுவின் துகள்களைச் சிறு குண்டுகளாகக் கருதி அதன் அழுத்தத்தைக் கணக்கிடுகின்றனர் பௌதிக நூலார். துகள்கள் மெய்யாகவே குண்டுகளோ? அல்ல. ஆயின் வெறும் கற்பனையோ? அதுவும் அன்று, கணக்குப் பலிக்கின்றதே! கண்ணாற் காணவொண்ணாத ஒன்றை அறிவதற்கு உவமை வேண்டியிருக்கின்றது. அவ்வுவமையை உள்ளவாறே உள்ள படமென்று கொள்ளுதல் ஒரு பிழை. பொய்யென்று தள்ளுதல் மற்றொரு பிழை. இறைவனைத் தந்தையென்றும் அரசனென்றும் கூறும் சமய மொழியும் இத்தன்மையதே என்றார் பார்பர். இக்கருத்தை 1974-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். ஆயினும் விஞ்ஞானக் கொள்கையைச் சோதிப்பது போலச் சமயத்தைச் சோதித்தல் எளிதன்று என்பதையும், சமயம் வாழ்நாள் முழுமையும் ஒப்புவிக்கக் கேட்பது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

விஞ்ஞானம் விளக்காத இடைவெளியிலெல்லாம் இறைவனை நிறுத்துவதை அவர் ஏற்றிலர். புதிய கண்டுபிடிப்பு ஒன்று வந்ததும், 'இஃது எங்கள் நூலில் முன்னரே உள்ளது' என முழங்குவோர் எல்லா நாட்டிலும் உளர். அவர்தம் ஆர்வம் பெரிது. ஆராய்ச்சி சிறிது என்பதே அடியேன் கருத்து.

விஞ்ஞானமும் சமயமும் மோதலாம், விலகி நிற்கலாம், உரையாடலாம், ஒன்றை ஒன்று தழுவலாம் என்று நால்வகை உறவு வகுத்தார் பார்பர். பின்னிரண்டையே விரும்பினார். ஸ்காட்லாந்தில் அவர் ஆற்றிய கிஃபோர்டு சொற்பொழிவுகளுள் முதல் தொகுதி 1990-இல் நூலாயிற்று. அடுத்த தொகுதியில் அணுவாற்றல், உணவு, சுற்றுச்சூழல் ஆகியவற்றில் மனிதனுக்குள்ள பொறுப்பை எடுத்துரைத்தார்.

1999-இல் டெம்பிள்டன் பரிசு கிடைத்தது. அப்பொருளின் பெரும்பகுதியை, இறையியலையும் இயற்கை விஞ்ஞானத்தையும் இணைத்து ஆராயும் பெர்க்லி நகர நிலையத்திற்கே வழங்கினார். 2013-இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.