செப்புக் குடமும் கடல்நீர்த் தொட்டியும்

கடற்கரை ஊர்களை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வடக்கே குடியேறிய தமிழருள் கடலை நினைந்து ஏங்காதார் அரியர். எம் இல்லத்தில் அவ்வேக்கம், தூத்துக்குடியிலிருந்து எம்முடன் தில்லிக்கு வந்த தாயாருக்கே மிகுதி. அவர் பொருட்டுக் கூடத்தில் 100 லிட்டர் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை அமைத்தோம். கடையில் விற்கும் கடலுப்புக் கலவையைக் கரைத்து ஊற்றி, சிப்பி மணல் பரப்பி, கோமாளி மீன்கள் இரண்டையும், இறால்கள் நான்கையும், நத்தைகள் சிலவற்றையும், பிறர் விட்டுச்சென்ற சங்கைத் தன் வீடாகச் சுமந்து திரியும் துறவி நண்டு ஒன்றையும் அதில் விட்டோம்.

இரண்டு திங்கள் யாவும் நலமாக இருந்தன. பின்னர் ஒருநாள் காலை இறாலொன்று ஒருக்களித்துக் கிடந்தது. மறுநாள் நத்தைகள் கண்ணாடியைப் பற்றும் வலியின்றிக் கழன்று விழுந்தன. நண்டு தன் சங்கை விட்டு வெளியேறி மாண்டது. ஒரு வாரத்திற்குள் முதுகெலும்பற்ற உயிர் ஒன்றேனும் எஞ்சவில்லை. மீன்களோ, இரை கண்டதும் முன்போலவே ஓடிவந்தன.

மீன்கள் பிழைத்ததுதான் துப்பு. கழிவு மிகுந்து நீர் கெட்டிருப்பின் மீன்களும் வாடியிருக்கும். மீன் நலமாயிருக்க, இறாலும் நத்தையும் மட்டும் மடியுமாயின் முதலில் ஐயுறத் தக்கது செம்பு. பூச்சி மருந்தும் இவ்வாறு செய்யக்கூடும். ஆனால் எம் வீட்டில் அது தெளிக்கப்படவில்லை.

இறால், நண்டு, நத்தைகளுள் பல ஆகியவற்றின் குருதி செம்பைக் கொண்டே உயிர்வளியைச் சுமக்கிறது. அதனாலேயே அது நீலநிறம் பெறுகிறது. அங்ஙனமாயின் செம்பு அவற்றுக்குப் பகையாவது எவ்வாறு என்று கேட்கலாம். புரதத்துள் கட்டுண்டிருக்கும் செம்பு வேறு, நீரில் கரைந்து திரியும் செம்பு வேறு. பின்னது செவுள்களைத் தாக்கி, உடலின் உப்பைச் சமன்செய்யும் தொழிலைக் குலைத்துவிடுகிறது. கடலோடிகள் இந்த நஞ்சை முன்பே பயன்படுத்தினர்; மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களைத் தடுக்க, 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் போர்த்தியது.

கடல் மீன்களைப் பற்றும் வெண்புள்ளி நோய்க்கு மயில்துத்தம் முதலிய செப்பு மருந்துகளை இடுவதுண்டு. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு என்பது அம்மருத்துவத்தின் வழக்கமான அளவு. மீன் அதனைத் தாங்கும். அதில் ஒரு சிறு பங்கே இறாலைச் சாய்த்துவிடும்.

நாங்கள் மருந்து எதுவும் இடவில்லை. பம்பைக் கழற்றிப் பார்த்தோம். பித்தளைத் திருகாணி ஒன்றும் இல்லை. ஆயினும் சோதனை மருந்தைச் சொட்டுவிட்டபோது செம்பு தெரிந்தது. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நாடோறும் இரண்டு லிட்டர் நன்னீர் வார்ப்பது தாயாரின் பணி. சமையலறைச் செப்புக் குடத்தில் இரவெல்லாம் நின்ற நீரையே அவர் வார்த்து வந்தார்.

"சாமிக்கே செப்புத் தண்ணிதான் வைக்கிறோம். இதுகளுக்கு ஆகாதாக்கும்?" என்றார்.

அவர் கூற்றிலும் பிழையில்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கும் நீரை மனிதர் பருகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடத்து நீரில் இருப்பது பெரும்பாலும் அதனினும் மிகக் குறைவே. ஆனால் தொட்டியில் நீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்றே கொள்வோம். இரண்டு லிட்டர் வீதம் 60 நாளில் சேர்வது 18 மில்லிகிராம். அதனை 100 லிட்டருக்குப் பகிர்ந்தால் 0.18. மணலில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும் என்று கழித்துப் பார்த்தாலும் இறாலுக்கு அது மிகை. அன்புடன் வார்த்த நீரே அளவு மீறியது என்பதை அவரிடம் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அதன்பின் நீரைப் பலமுறை மாற்றினோம். வடிகட்டியில் செயலூட்டிய கரியும், செம்பை ஈர்க்கும் பிசினும் வைத்தோம். சிப்பி மணல் செம்பை உறிஞ்சி வைத்துப் பின்னர் மெல்ல விடக்கூடியது. ஆகவே, மனமில்லாமலே அதனையும் எறிந்தோம். சோதனையில் செம்பு தெரியாத நிலை மூன்று வாரம் நீடித்த பிறகே ஒரே ஒரு நத்தையை வாங்கி விட்டோம்.

தாயார் இப்போது ஆர்.ஓ. கருவி நீரைப் பிளாஸ்டிக் வாளியில் பிடித்து வார்க்கிறார். குடம் அடுப்பங்கரையில் எங்களுக்காக நிற்கிறது. நத்தை நேற்றிரவு கண்ணாடியின் மேல்விளிம்பு வரை ஏறியிருந்தது.