ரசிக மனத்தின் மூன்று பருவங்கள்



கலைஞனைப் பற்றிப் பேசுவோர் பலர். அவனைச் சுவைக்கும் ரசிகனைப் பற்றிப் பேசுவோர் சிலரே. இளமையில் ஓர் இசைக் குழுவினிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தவன், தலை நரைத்த பின்னும் அதே உள்ளத்தோடு இருக்கின்றானா? இல்லை. அவனுடைய அன்பு தளிர்க்கின்றது, வாடுகின்றது, சிலபோது மறுபடியும் துளிர்க்கின்றது. அந்த மாற்றத்தையே இன்று சிறிது ஆராய்வோம்.

'ஹெவி மெட்டல்' என்னும் மேல்நாட்டு இசையை உங்களிற் பலர் விரும்பிக் கேட்கின்றீர்கள்; வீட்டுப் பெரியவர்கள் இரைச்சல் என்று காதைப் பொத்திக்கொள்கின்றார்கள். அந்த இசைக்கு வித்திட்ட குழுக்களுள் முதன்மையானது 'பிளாக் சபத்'. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து உழைப்பாளர் வீட்டு இளைஞர் நால்வர், 1968ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவரான டோனி அயோமி, பதினேழாம் வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது, வலக்கை விரல்கள் இரண்டின் நுனியை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய கை அதுவே. அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் சுருதியையும் தாழ்த்தினார். அந்தக் கனத்த முழக்கம் உலகெங்கும் இளைஞரை ஈர்த்தது. இது ரசிகனின் முதற் பருவம்: மயக்கம்.

1979ஆம் ஆண்டில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். ரோனி ஜேம்ஸ் டியோ என்பவர் அவ்விடத்தில் வந்து பாடினார். "இது எங்கள் குழுவே அன்று" என்று வெகுண்டவர் பலர். புதிய குரலை விரும்பி ஏற்றவரும் உளர். இது இரண்டாம் பருவம்: பிணக்கு. ஆண்டுகள் சென்றன. 1980இல் டியோ பாடி வெளிவந்த இசைத்தட்டு, இன்று அக்குழுவின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 2025 ஜூலை 5ஆம் நாள், முதலில் இருந்த நால்வரும் பர்மிங்காமில் கூடிக் கடைசி முறையாக இசைத்தனர். நிற்கவியலாத ஆஸ்போர்ன் ஆசனத்தில் அமர்ந்தே பாடினார். அதே மாதம் 22ஆம் நாள் மறைந்தார். பழைய குரலின் வலிமையை அன்று தேடியவர் யார்? இது மூன்றாம் பருவம்: கனிவு.

இது மேல்நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. நம் புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் தமிழ் நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கின்றது. 1867இல் பிறந்த சுவாமிகள் முதலில் நடிகராகப் புகழ் பெற்றவர். பின்னர் வேடம் கட்டுவதை விட்டு ஆசிரியரானார். அவர் நடிப்பில் மயங்கியவர்களுக்கு அது இழப்பே. ஆயினும் அந்த இழப்பிலிருந்தே நாற்பதுக்கு மேற்பட்ட நாடகங்களும், 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் கிடைத்தன.

பாய்ஸ் கம்பெனி ரசிகர்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. உச்ச சுருதியில் பாடும் சிறுவனுக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டுக் கூத்தாடுவர். அவனுக்கு வயது வந்து மகரக்கட்டு ஏற்படும், குரல் உடையும், நேற்றுப் பாராட்டியவர் இன்று முகம் திருப்புவர். குரல் உடைவது சிறுவனின் குற்றமா? அச்சபையில் சிறுவராகச் சேர்ந்த டி. கே. சண்முகம், பின்னாளில் அவ்வையாராக நடித்து 'அவ்வை சண்முகம்' என்றே பெயர் பெற்றார். பிள்ளைக் குரலோடு அவரை மறந்தவர்கள் இப்பெரும் நடிப்பைக் காணும் பேற்றை இழந்திருப்பார்கள்.

சுவாமிகளுக்கோ இறுதிக் காலத்தில் பக்கவாதம் வந்தது. எத்தனையோ சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் புகட்டிய நா பேச்சை இழந்தது. 1922 நவம்பர் 13ஆம் நாள் இப்புதுச்சேரியிலேயே அவர் மறைந்தார். எனினும், பேச்சிழந்த அந்த ஆசிரியரின் 'வள்ளி திருமண'மும் 'பவளக்கொடி'யும் தென் மாவட்டத் திருவிழா மேடைகளில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன.

கலைஞன் நமக்கு அடிமை அல்லன். நாமும் அவனுக்கு அடிமைகள் அல்லோம். அவன் மாறும்போது, புதியதை ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் பார்ப்பது ரசிகன் கடன். கேட்ட பிறகும் பிடிக்கவில்லையேல், பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், ஒரு காலத்தில் அவன் தந்த இன்பத்தைப் பொய் என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அந்த இன்பம் நம் வளர்ச்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. இன்று நீங்கள் மயங்கும் குரலும் ஒருநாள் தளரும். அன்று அதை இகழாமல் இருக்க இப்பொழுதே பழகிக்கொள்ளுங்கள்.