அஞ்சாலையின் இரண்டு வாய்



பவளப்பாறையில் ஓர் இடுக்கு. அதிலிருந்து முழங்கை கனத்தில் ஒரு தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. வாய் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. உள்ளே கூர்கூராகப் பற்கள். கடிக்கத்தான் பார்க்கிறது என்று முக்குளிப்பவர்கள் பதறி விலகுவார்கள். பாவம், அது மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது! இந்த மீனுக்குச் செவுள் துளை மிகச் சிறியது. வாயால் தண்ணீரை ஓயாமல் உள்ளே தள்ளினால்தான் உயிர் தரிக்கும்.

விலாங்கின் உறவான இதை நம் கடலோர மக்கள் அஞ்சாலை என்பார்கள். இதில் பெரியது இராட்சத அஞ்சாலை. செங்கடல் தொடங்கி பசிபிக் தீவுகள் வரை உண்டு. 3 மீட்டர் நீளம், 30 கிலோ எடை வரை வளரும். செதிலே கிடையாது, உடம்பெல்லாம் வழுவழுப்பு. பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. ஆகவே அதன் பொந்தில் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். விரலுக்கும் மீனுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

பெரும்பாலான மீன்கள் வாயை அகல விரித்து, தண்ணீரோடு இரையை உறிஞ்சிக்கொள்ளும். குறுகிய பொந்துக்குள் தலையை அப்படி விரிக்க அஞ்சாலைக்கு இடமேது? பிறகு எப்படி விழுங்குகிறது? 2007இல் கலிஃபோர்னியாவில் ஆய்வாளர்கள் ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெயின்ரைட்டும் இதற்கு விடை கண்டார்கள். அஞ்சாலையின் தொண்டைக்குள் இன்னொரு தாடை இருக்கிறது, பற்களோடு! முன்வாய் இரையைக் கவ்வியதும் அந்த உள்தாடை பாய்ந்து முன்னே வரும். இரையைப் பற்றி, தொண்டைக்குள் இழுத்துப் போகும். நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இதைவிட அருமையான காட்சி செங்கடலில். துரத்திய இரை பாறை இடுக்கில் ஒளிந்துவிட்டால் களவா மீனால் உள்ளே நுழைய முடியாது. அது நேரே அஞ்சாலையின் பொந்துக்குப் போகும். அதன் முகத்துக்கு எதிரே நின்று தலையை விறுவிறுவென்று ஆட்டும். ‘வா, வேட்டைக்குப் போகலாம்’ என்ற அழைப்பு அது! இரவில் இரை தேடுகிற அஞ்சாலை, பட்டப்பகலில் எழுந்து உடன் புறப்படும். ரெதுவான் ப்ஷாரியும் உடன் ஆய்ந்தவர்களும் இதை 2006இல் பதிவுசெய்தார்கள். இரை பதுங்கிய இடம் வந்ததும், சில சமயம் களவா தலைகீழாக நின்று அந்த இடத்தைக் காட்டுமாம். அஞ்சாலை இடுக்குக்குள் புகும். இரை உள்ளே மாட்டினால் அஞ்சாலைக்கு. வெளியே ஓடிவந்தால் களவாவுக்கு. பிடித்தது அங்கேயே முழுசாக விழுங்கிவிடும், பங்குச் சண்டையே கிடையாது.